மூன்றாவது கொய்யா மரத்தடியில் ஓர் அடக்கம்

நான் ஒருமுறை ஏறக்குறைய இரண்டாயிரம் உயிர்களை முறைப்படி அடக்கம் செய்திருக்கிறேன். குழி தோண்டி, மண் தள்ளி, மேலே ஒரு கல்லும் வைத்து, கைகால் கழுவிவிட்டுத்தான் வந்தேன். அந்த அடக்கத்தில் குறை என்று பார்த்தால் ஒன்றே ஒன்றுதான். அவற்றில் ஒன்றுகூடச் செத்திருக்கவில்லை.

(வீட்டில் இந்தக் கதையைச் சொன்னால், இந்த இடத்திலேயே என் மனைவி சிரிக்க ஆரம்பித்துவிடுவாள். நான் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு தொடர்வேன். இப்போதும் அப்படித்தான்.)

அது எண்பதுகளின் பின்பாதி. பூச்சியியலில் முதுகலை முடித்துவிட்டு ஓர் ஆய்வகத்தில் உதவியாளனாகச் சேர்ந்திருந்தேன். சொந்த ஊர் கண்ணமங்கலம். எங்கள் தெருவில் பூச்சிக்கென்று படித்தவன் நான் ஒருவன்தான். "அப்போ பூச்சி மருந்து கடை வைக்கப் போறியா?" என்று கேட்டவர்களிடம், "மருந்தே இல்லாம பூச்சிய ஒழிக்கப் போறோம்" என்று சொல்லித் திரிந்தேன். அந்த 'போறோம்' என்பதில் என் பங்கு, கூண்டில் இருக்கும் ஈக்களுக்குச் சர்க்கரைத் தண்ணீர் வைப்பது.

உண்மையில் ஒழிக்கப் புறப்பட்டவர் சுலோசனா மேடம். எங்கள் ஆய்வகத்தின் தலைவி. ஒல்லியான உருவம், மெல்லிய குரல். அவர் கோபப்பட்டால் குரல் இன்னும் மெலிந்துவிடும். அதனால் அவர் பேசுவது கேட்கவில்லை என்றாலே நாங்கள் ஆளுக்கொரு மூலையில் ஒளிந்துகொள்வோம்.

மேடத்தின் எதிரி பழ ஈ. கொய்யாவைக் கடித்ததும் உள்ளே நெளிகிறதே, அந்தப் புழுவைப் பெற்ற தாய். பெண் ஈ பழத்தைக் குத்தி முட்டையிடும். புழு உள்ளேயே தின்று கொழுத்து, கீழே விழுந்து, மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகி, ஈயாக மேலே வரும். (இந்த 'மண்ணுக்குள் போய்' என்பதைத் தயவுசெய்து ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் மறந்துவிட்டேன்.)

இதை ஒழிக்க ஒரு வழி உண்டு. ஆண் ஈக்களைக் கூட்டம் கூட்டமாக வளர்த்து, கதிர்வீச்சு காட்டி மலடாக்கி, தோட்டத்தில் விட வேண்டும். மலட்டு ஆணோடு சேர்ந்த பெண் ஈ முட்டையிடும், ஆனால் முட்டை பொரிக்காது. கூடவே பெண் ஈக்களையும் விட்டால் காரியம் கெட்டது. நம் மாப்பிள்ளைகள் கூட வந்த பெண்களோடேயே குடித்தனம் நடத்திவிட்டு, தோட்டத்துப் பெண்களைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். போதாததற்கு நாம் அனுப்பிய பெண்களும் பழத்தைக் குத்தும். ஆகவே ஆண் மட்டும்தான் போக வேண்டும். ஆனால் ஒரு நெல்மணியைவிடச் சின்னதாக இருக்கும் கூட்டுப்புழுவில் ஆண் எது, பெண் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்தக் கேள்விக்கு மேடம் எட்டு வருடம் கொடுத்திருந்தார். இயற்கையில் கூட்டுப்புழுவின் ஓடு பழுப்பாக இருக்கும். ஒருநாள் வளர்ப்புத் தட்டில் வெள்ளையாக ஒன்று கிடந்தது. அந்த வெள்ளைக் குணத்தை விடாமல் பிடித்துக்கொண்டு, தலைமுறை தலைமுறையாகச் சேர்த்துப் பிரித்து, பழுப்பு நிறத்தை ஆணுக்கே உரிய குரோமோசோமோடு கட்டிப் போட்டார். அதன்பிறகு அந்த வம்சத்தில் ஆண் எல்லாம் பழுப்பு, பெண் எல்லாம் வெள்ளை. கண் இருந்தால் போதும், பிரித்துவிடலாம். பழுப்பு சென்னைக்குப் போய்க் கதிர்வீச்சு வாங்கிவரும். வெள்ளை அன்றே கொதிக்கும் தண்ணீருக்குப் போகும். ஆய்வகத்தில் எழுதப்படாத சட்டம் ஒன்று இருந்தது. வெள்ளை வாசலைத் தாண்டக் கூடாது.

இதைத் தோட்டத்தில் சோதித்துப் பார்க்க, வெளி ஈக்கள் சுலபமாக வர முடியாத தனித் தோட்டம் தேவைப்பட்டது. தேடித் தேடி ஜவ்வாது மலையில் கிடைத்தது. அமிர்தியில் பஸ்ஸை விட்டு இறங்கி, காட்டு வழியாக மூன்று மணி நேரம் ஏற வேண்டும். சாமையும் புளியுமாக இருந்த அந்தச் சிற்றூரில் நாற்பது கொய்யா மரங்கள் வைத்திருந்தவர் குப்பம்மா அக்கா ஒருவர்தான்.

அக்காவுக்கு அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். கணவர் இறந்த வருடம், தனியாகக் குழி வெட்டி வைத்த மரங்கள் அவை. நிலம் கொழுந்தன் சின்னப்பையனோடு பொது. மூன்று பருவமாகக் காய் எல்லாம் புழு. சின்னப்பையன் பொறுத்துப் பார்த்துவிட்டு, மரங்களை வெட்டிச் சாமை விதைத்துவிடலாம் என்று நின்றார். "இந்த ஒரு பருவம் வுடு. இதுலயும் புழு வந்தா நானே கோடாலி எடுத்துக் குடுக்கறேன்" என்று ஊர் முன்னால் அக்கா வாக்குக் கொடுத்திருந்தார். அந்த வாக்கை எங்கள் ஈக்களை நம்பிக் கொடுத்தார். இன்னும் சரியாகச் சொன்னால் என்னை நம்பி.

ஆனால் ஊர் நம்பவில்லை. முதல் தடவை மலையேறி விளக்கியபோது சின்னப்பையன் கேட்டார்: "ஈ தொல்லைன்னு சொன்னா, நீங்க இன்னும் ஈ கொண்டாந்து வுடறீங்களா?" நியாயமான கேள்வி. அக்காவே தயங்கித் தயங்கிக் கேட்டார்: "எல்லாம் ஆம்பளைன்னு சொல்றீங்க. அது எப்டிங்க சார் தெரியும்? பாவாடை கட்டியா வருது?" எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. எட்டு வருட ஆராய்ச்சியைப் பார்த்துச் சிரிக்கிறார்களே என்று மேடத்துக்காகக் கோபம் வந்ததாக அப்போது நினைத்துக்கொண்டேன். எனக்காகத்தான் வந்தது.

அதனால் ஆடி மாதம் முதல் முறை ஈ விடுவதற்காக மலையேறியபோது, பழுப்புக் கூட்டுப்புழுக்கள் இருந்த பெட்டியோடு, என் பையில் ஒரு பிஸ்கட் டப்பாவும் இருந்தது. அதில் வெள்ளை. கதிர்வீச்சு படாத, நல்ல ஆரோக்கியமான, இன்னும் நான்கைந்து நாளில் ஈயாகிவிடக்கூடிய வெள்ளை. காட்டிவிட்டு மறுநாளே கீழே கொண்டுவந்து வெந்நீரில் போட்டுவிடுவது திட்டம். மூச்சு முட்டிவிடப் போகிறதே என்று டப்பா மூடியில் ஆணியால் துளைகள்கூடப் போட்டிருந்தேன். (சாகப் போகிற பூச்சியின் மூச்சுக்கு அவ்வளவு கரிசனம்!)

குப்பம்மா அக்கா வீட்டு வாசலில் ஊர் கூடியது. ஒரு முறத்தில் பழுப்பைக் கொட்டினேன். இன்னொரு முறத்தில் வெள்ளையைக் கொட்டினேன். "இது மாப்பிள்ளை. இது பொண்ணு" என்று அறிவித்தேன். பிறகு பெண்கள் எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். சாமையில் கல் பொறுக்கிப் பழகிய கண்கள் அல்லவா? "ஒண்ணுகூடக் கலக்கலையே!" என்று ஒருத்தி வியந்தாள். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய மரியாதை அது. கால் மணி நேரம் நீடித்தது.

"அப்போ இந்த வெள்ளைய இன்னா பண்ணுவீங்க?" என்று கேட்டார் சின்னப்பையன்.

"கொதிக்கிற தண்ணியில போட்டுடுவோம். அக்கா, ஒரு பானை தண்ணி காய வைங்க, இப்பவே காட்டறேன்."

அக்கா முறத்தை மெதுவாகக் கீழே வைத்தார்.

"வாயக் கழுவுங்க சார். காலைலதான் அம்மனுக்குக் காப்பு கட்டிக்கீது. உயிர் எடுக்கற பேச்சே ஆகாது."

மேளச் சத்தம் கேட்டது எனக்கும் ஞாபகம் இருந்தது. யாருக்கோ கல்யாணம் என்று நினைத்திருந்தேன். காப்பு கட்டிவிட்டால் எட்டு நாளைக்கு அந்த ஊரில் உலக்கை போடக் கூடாது, பச்சை மரம் வெட்டக் கூடாது, எறும்பைக்கூட மிதித்துவிடாமல் நடக்க வேண்டும். (எட்டாம் நாள் அம்மனுக்குக் கிடா வெட்டுவது தனி. அது அம்மனுக்கும் கிடாவுக்கும் உள்ள விஷயம்.)

"சரிக்கா, நான் கீழ கொண்டுபோய்ப் பாத்துக்கறேன். நாளைக்குக் காலைல கிளம்பிடறேன்."

"அதெப்டிப் போவீங்க? காப்பு கட்டும்போது நீங்க ஊருக்குள்ளதான இருந்தீங்க. எட்டு நாளைக்கு எல்லை தாண்டக் கூடாது. நம்ப வூட்லயே இருங்க, சாப்பாட்டுக்கு இன்னா கொறச்சல்?"

உயிர் எடுப்பதில்லை, எல்லை தாண்டுவதில்லை என்று பூசாரி முன்னால் கற்பூரத்தைத் தொட்டு ஒப்புக்கொண்டேன். மீறிப் போனால் அக்காவின் தோட்டத்துக்குள் இனி யாரையும் விடமாட்டார்கள் என்று தெரிந்தது. அன்று சாயங்காலமே பழுப்புக் கூட்டுப்புழுக்களைத் தோட்டத்தில் கிளைக்குக் கிளை தொங்கவிட்டோம். டப்பாவை வீட்டுக்குள் பரண்மேல் வைத்துவிட்டு, பரணைப் பார்க்காமல் மூன்று நாளை ஓட்டினேன்.

நான்காம் நாள் காலையில் டப்பா பேசியது.

மெல்லிய சரசரப்பு. காதை வைத்துக் கேட்டேன். உள்ளே சில ஈக்கள் வெளியே வந்துவிட்டன. மூடியின் துளை வழியாக ஒரு கால் எட்டிப் பார்த்தது. ஓடையில் அமுக்கலாமா? உயிர் எடுத்ததாகிவிடும். துணியைச் சுற்றிக் கட்டி வைக்கலாமா? நான்கு நாள் டப்பாவுக்குள்ளேயே கிடந்தால் தானாகச் செத்துப்போய்விடும். (இதுதான் சரியான விடை. அது எனக்குத் தோன்றியது எல்லாம் கெட்டபிறகு, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோது.) அப்போது என் மூளையில் பளிச்சென்று உதித்தது வேறு. புதைத்துவிடலாம்! புதைத்தால் நான் கொன்றதாகாது. மண் பார்த்துக்கொள்ளும். அம்மனுக்கும் கோபமில்லை, மேடத்துக்கும் தெரியாது.

இங்கே ஒன்றைப் பதிவு செய்ய வேண்டும். முதுகலைத் தேர்வில் 'பழ ஈயின் வாழ்க்கைச் சுழற்சியை விவரி' என்ற கேள்விக்கு நான் படத்தோடு பதில் எழுதியவன். 'கூட்டுப்புழுப் பருவம் மரத்தடியில், இளகிய ஈர மண்ணில், சில அங்குல ஆழத்தில் கழிகிறது' என்று எழுதி அடிக்கோடும் போட்டவன். அப்பேர்ப்பட்டவன் தோட்டத்துக்குப் போய், மூன்றாவது கொய்யா மரத்தடியில், இளகிய மண்ணாகப் பார்த்து, சில அங்குல ஆழத்துக்குக் குழி தோண்டினேன். இன்னும் இறக்கை விரியாத அந்தச் சில ஈக்களோடு சேர்த்து டப்பாவைக் கவிழ்த்தேன். மண்ணைத் தள்ளினேன். புழுதி பறக்கிறதே என்று கொஞ்சம் தண்ணீரும் தெளித்தேன். நாய் கிளறிவிடக் கூடாது என்று ஒரு கல்லைத் தூக்கி நட்டு வைத்தேன். பழ ஈக்கே ஒரு தாய்மாமன் இருந்திருந்தால்கூட இவ்வளவு செய்திருக்க மாட்டான்.

தலையில் விறகோடு வந்த குப்பம்மா அக்கா நின்று பார்த்தார்.

"இன்னா சார் நடறீங்க?"

"நடலக்கா. அந்த வெள்ளையப் பொதைக்கறேன்."

அக்கா கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மண்ணுல போட்டா முளைக்காதா சார்?"

நான் சிரித்தேன். இன்றைக்கும் அந்தச் சிரிப்பு என் காதில் விழும்போது உடம்பு கூசுகிறது. "இது விதை இல்லக்கா" என்று சொல்லிவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு நடந்தேன்.

எட்டாம் நாள் கிடா விருந்து சாப்பிட்டுவிட்டுக் கீழே இறங்கினேன். அதன்பிறகு வாரம் தவறாமல் பழுப்பை மட்டும் கொண்டுபோய் விட்டேன். ஒரு வாரம் போனபோது என் கல்லின்மேல் யாரோ மஞ்சள் பூசியிருந்தார்கள். யார் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. ஆவணியில் காய்கள் பருத்தன. பளபளவென்று தொங்கிய காய்களைத் தடவிப் பார்த்து அக்கா சிரிப்பார். அதைப் பார்க்கும்போது எனக்கு மார்பு விம்மும்.

பிறகு ஒரு வாரம் போனபோது அக்கா சிரிக்கவில்லை. ஒரு காயைப் பறித்து அரிவாளால் பிளந்து என் கையில் வைத்தார். உள்ளே நெளிந்தது. அடுத்த காயிலும் ஊசி குத்திய அடையாளம், சுற்றிலும் அழுகல். மூன்றாவது மரத்தைச் சுற்றி ஒரு காய்கூட மிஞ்சவில்லை. அங்கிருந்து தோட்டம் முழுக்கப் பரவியிருந்தது.

மேடம் தாமே மலையேறி வந்தார். தோட்டத்தில் சின்னப்பையனும் ஊர்க்காரர்கள் சிலரும் காத்திருந்தார்கள். கோடாலி வேலியில் சாய்ந்திருந்தது. மேடம் ஒவ்வொரு மரத்தடியிலும் மண்ணை அள்ளிச் சல்லடையில் சலித்தார். முதல் மரத்தடியில் பழுப்பு ஓடுகள், இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவது மரத்தில் கல்லுக்கு அருகே அள்ளினார். சல்லடையை ஆட்டினார். மண் இறங்க இறங்க, மேலே வெள்ளை வெளேரென்று நின்றன. வெற்று ஓடுகள். ஒவ்வொன்றின் தலையும் திறந்திருந்தது.

அவற்றை உள்ளங்கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தார். "இந்த வெள்ளைக்கு வேற ஊரே கிடையாது. என் தட்டுலதான் பொறந்தது" என்றார். குரல் அநேகமாகக் கேட்கவே இல்லை. "இங்க எப்படி வந்தது?"

"காத்துல அடிச்சிட்டு வந்திருக்கலாம் மேடம்" என்றேன்.

(ஆம். அப்படித்தான் சொன்னேன். ஆய்வகத்திலிருந்து மலை உச்சிக்கு, காற்றில், மண்ணுக்கு அடியில்.)

"இல்லீங்கம்மா" என்றார் குப்பம்மா அக்கா. காட்டிக்கொடுக்கும் எண்ணம் அவருக்குத் துளியும் இல்லை. மேடத்துக்கு உதவுவதாகத்தான் நினைத்தார். "சாரு பொதச்சாரு. காப்பு நாள்ல உயிர் எடுக்கக் கூடாதுன்னு நாங்கதான் சொன்னோம். தண்ணிகூடத் தெளிச்சாரு. முளைக்காதான்னு கேட்டேன், விதை இல்லன்னாரு."

மேடம் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். அவர் அக்காவின் பக்கம் திரும்பி, எல்லோர் முன்னாலும் கைகூப்பினார். "தப்பு எங்களோடது. உங்க மரத்து மேலயும் இல்ல, உங்க மேலயும் இல்ல. நாங்க கொண்டுவந்த ஈதான் உங்க காயக் கெடுத்துச்சு. மன்னிச்சிடுங்க." அந்தக் கூப்பிய கைக்குள் வெள்ளை ஓடுகள் அப்படியே இருந்தன. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இருபத்து நான்கு வயதில் ஊர் முன்னால் மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றதற்கு வெட்கம் இல்லை. அதற்கு முன் செய்தவற்றுக்குத்தான்.

அக்கா வாக்கை மாற்றவில்லை. யார் தப்பாக இருந்தாலும் புழு வந்தது வந்ததுதான் என்றார். வேலியில் இருந்த கோடாலியைத் தாமே எடுத்துக் கொழுந்தன் கையில் கொடுத்துவிட்டு, முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டார். அந்த முதுகை நான் மறக்கவில்லை. முதல் மரம் விழுந்தது. இரண்டாவது விழுந்தது. மூன்றாவது மரத்தடிக்கு வந்த சின்னப்பையன் கல்லைப் பார்த்துவிட்டுக் கோடாலியைத் தாழ்த்தினார்.

"இத்த நான் தொட மாட்டேன். காப்பு நாள்ல பொதச்சி நட்ட கல்லு. மஞ்சள் வேற வச்சிக்கீறாங்க."

"அதுல ஒண்ணும் இல்லண்ணே" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னேன். "அதுல இருந்ததெல்லாம் பறந்து போச்சு."

"பறந்து போனத்தான் பாத்தமே" என்றார் சின்னப்பையன். "அதுக்கே இவ்ளோ சக்தின்னா, நான் வெட்ட மாட்டேன் சாமி."

நாற்பதில் முப்பத்தொன்பது போயிற்று. என் முட்டாள்தனத்தின்மேல் நின்ற மரம் மட்டும் தப்பியது.

வேலையிலிருந்து என்னை மேடம் நீக்கவில்லை. அந்த வெள்ளை ஓடுகளில் ஏழு எடுத்து ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் போட்டு என் மேஜையில் வைத்தார். இன்றைக்கும் அது என் மேஜையில்தான் இருக்கிறது. அடுத்த வருடம் சாமை அறுத்தபிறகு குப்பம்மா அக்காவிடமிருந்து ஆள் வந்தது. பூச்சி சாரை வரச் சொன்னாராம். வசவு வாங்கத் தயாராக மலையேறினேன். மிஞ்சிய மரத்தின் தாழ்ந்த கிளை ஒன்றை அக்கா தரைக்கு வளைத்துப் பிடித்திருந்தார். பட்டையைச் சீவியிருந்தார். பக்கத்தில் ஒரு கல்.

"பதியன் போடணும். கொழுந்தன் பாதி நிலத்துல மறுபடி வச்சிக்கச் சொல்லிட்டாரு. உங்க கைக்கு ராசி கீதே சார், பொதைங்க."

"நானாக்கா?"

"நீங்கதான். போன தடவ பொதச்சது ஒண்ணு வுடாம முளைச்சிதே!"

குழி தோண்டினேன். கிளையை வைத்து மண்ணைத் தள்ளி, தண்ணீர் தெளித்து, மேலே கல்லை வைத்தேன். அதே கைகள், அதே மண், அதே வரிசை. அன்று பன்னிரண்டு கிளைகள் புதைத்தேன். பதினொன்று வேர்விட்டன. புதுக் கன்றுகள் காய்த்தபோது மேடம் மறுபடி ஈ விட்டார். பெட்டியைத் திறந்து ஒவ்வொரு தட்டையும் குப்பம்மா அக்கா பார்த்து, வெள்ளை இல்லை என்று தலையாட்டிய பிறகுதான் தட்டு தோட்டத்துக்குள் போகும். அந்தப் பருவத்தில் புழு வெகுவாகக் குறைந்தது.

இப்போது எனக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. ஆவணி பிறந்தால் அமிர்தி பஸ்ஸில் ஒரு கூடை கொய்யா வந்துவிடும். கூடவே அக்காவின் செய்தியும் கண்டக்டர் வாயால் வரும்: "பூச்சி சாரை ஒண்ணும் பொதைக்க வேணாம்னு சொல்லச் சொன்னாங்க." என் மனைவி பழத்தை வெட்டி வெளிச்சத்தில் காட்டிவிட்டுத்தான் தட்டில் வைப்பாள். தின்று முடித்து, காம்பையும் கழிவையும் தோட்டத்து மண்ணில் போட்டு மூடலாம் என்று நான் எழுந்தால் போதும். மனைவி, மகள், மருமகன், பேச்சு வந்து ஒரு வருடம்கூட ஆகாத பேத்தி, எல்லோரும் ஒரே குரலில் கேட்பார்கள்:

"முளைக்காதா சார்?"

"முளைக்கும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவேன்.